வீடு பார்க்கும்போது, அந்த வீட்டில் இருக்கப்போகிறவரைக் கேளுங்கள்

செயின்ட் ஜான்ஸுக்குக் குடும்பத்தோடு வரவிருக்கும் தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, துணையையும் கூட்டிக்கொண்டு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு வரப்போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவர் இங்கே கடல்சார் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். நான் அவரோடு வந்தவள். அதற்கு முன் தூத்துக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல், மே வாக்கில் உங்களிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கும். ‘அக்கா, கேம்பஸ் பக்கத்தில் வாடகை எவ்வளவு? பேஸ்மென்ட் பரவாயில்லையா? லேபுக்கு நடந்தே போய்விடலாமா?’ எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அத்தனையும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவரைச் சுற்றியே இருக்கின்றன. காலையில் அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவர் கடைக்கு எப்படிப் போவார், பகலில் யாரோடு பேசுவார், ஜன்னலில் வெளிச்சம் வருமா என்று எவரும் கேட்பதில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: எந்த மாதம் வருவது, எந்த வீட்டை எடுப்பது, முதல் சம்பளத்தை எதற்குச் செலவழிப்பது, இவற்றைக் கூட வருபவரின் பகல்பொழுதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். ஆய்வகம் எப்படியும் உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

தீவு என்றதும் சின்ன இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பரப்பளவு 1,08,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இலங்கையைவிட ஒன்றரை மடங்குக்கும் பெரியது. ஆனால் மொத்தத் தீவிலும் சுமார் ஐந்து லட்சம் பேர்தான். டொரன்டோவில் சித்தப்பா மகன் இருக்கிறான், சனி ஞாயிறு போய்வரலாம் என்று வீட்டில் சமாதானம் சொல்லி அழைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். விமானத்தில் போனாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரில் போவதென்றால் தீவின் மறுகோடியில் இருக்கும் போர்ட் ஓ பாஸ்க் துறைமுகத்துக்கே சுமார் 900 கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலில் ஏழு மணி நேரம் போனால்தான் பெருநிலத்தில் இருக்கும் நோவா ஸ்கோஷியா கரை. காற்று பலமாக அடித்தால் அந்தக் கப்பலும் நின்றுவிடும். இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் கடையில் கீரை அடுக்கு காலியாகிவிடும். அந்தச் சமாதானத்தைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். கூட வருபவர் உண்மை தெரிந்து வருவது நல்லது.

குளிர் என்று பார்த்தால் வின்னிபெக் அளவுக்கு இங்கே குளிராது. இங்கே ஆளைப் படுத்துவது ஈரமும் காற்றும். கனடாவின் பெரிய நகரங்களில் மூடுபனியும் காற்றும் பனிப்பொழிவும் அதிகம் உள்ள ஊர் இது. இன்று பனி கொட்டும், நாளை அதன் மேலேயே மழை பெய்யும், ராத்திரி எல்லாம் சேர்ந்து கண்ணாடியாக இறுகும். பனிவண்டி வந்து சாலையைச் சுத்தம் செய்யும்போது, அள்ளிய பனி நடைபாதையில்தான் குவியும். பஸ் நிறுத்தக் கம்பமே இடுப்பளவு பனிமேட்டுக்குள் நிற்கும். பஸ் வந்ததும் ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டின்மேல் ஏறி, மறுபக்கம் சறுக்கி இறங்கித்தான் படிக்கட்டில் கால் வைக்க வேண்டும். பால் கேனும் பத்து கிலோ அரிசியும் வாங்கித் திரும்பும்போது சாலையோரம் இறங்கி நடப்போம். பின்னால் வண்டி வரும் சத்தம் கேட்டதும் பனிச்சுவரோடு சுவராக ஒட்டி நிற்போம். 2020 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் விமான நிலையத்தில் 76.2 சென்டிமீட்டர் பனி விழுந்தது. ஊரில் எட்டு நாள் அவசரநிலை. ராணுவம் வந்து பனி அள்ளியது. அந்தக் கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாட்கள் அபூர்வம். அப்போது ஊரே ஒன்றுசேர்ந்து தாங்கிக்கொள்ளும். சாதாரணப் பிப்ரவரியின் சாதாரணச் செவ்வாய்க்கிழமையைத்தான் தனியாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் மாணவர் ஏன் கவனிப்பதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. மெமோரியல் வளாகத்தில் கட்டடங்களைச் சுரங்கப்பாதைகள் இணைக்கின்றன, ‘மன்னல்ஸ்’ என்பார்கள். காலையில் ஒரு கதவு வழியாக உள்ளே போனால் வகுப்பு, நூலகம், காபி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சாயங்காலம் வரை பனியையே மிதிக்காமல் இருக்கலாம். கூட வந்தவருக்கு அப்படி ஒரு பாதை இல்லை. வெளியே கால் வைத்தால் நேராகப் பனிக்கட்டி. அதனால்தான் ‘இன்றைக்கு அப்படியொன்றும் மோசமில்லையே, வெளியே போய்விட்டு வந்திருக்கலாமே’ என்று கணவர் சாயங்காலம் கேட்பதும், அதற்கு மனைவி பதிலே சொல்லாமல் அடுப்படிக்குப் போவதும் பல வீடுகளில் நடக்கிறது. இருவருமே தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இருவரும் பார்ப்பது இரண்டு வேறு ஊர்கள்.

அடுத்தது நேரம். குளிர்காலத்தில் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் சரியாக ஒன்பது மணி நேர வித்தியாசம்; கோடையில் எட்டு. இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே சாயங்காலம் ஐந்து. அம்மா பூ கட்டிக்கொண்டே பேசுவாள். அக்கா பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பார்கள். போன் கலகலவென்று இருக்கும். மதியம் ஒன்றரை ஆகிவிட்டால் ஊரில் ராத்திரி பத்தரை. ஒவ்வொருவராக ‘சரிம்மா, வைக்கிறேன்’ என்று போய்விடுவார்கள். டிசம்பரில் நாலேகாலுக்குள் சூரியனும் இறங்கிவிடும். கணவர் வர ஏழு, எட்டு ஆகும். அந்த ஒன்றரை மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் பேசுவதற்கு உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் பார்த்தவரையில், இங்கே வந்து மனம் உடைந்து திரும்பிப்போன பெண்கள் உடைந்தது இந்தச் சில மணி நேரத்தில்தான். குளிரில் இல்லை, சாப்பாட்டிலும் இல்லை. ஆகவே நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் இந்த நேரத்தை வைத்து உரசிப் பாருங்கள்: அந்த நேரத்தில் அவரால் வெளியே போக முடியுமா? போனால் உட்கார ஓர் இடம் இருக்குமா?

இப்போது வீட்டுக்கு வருகிறேன். இங்கே மாணவர் வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் பேஸ்மென்ட் அபார்ட்மென்ட். மேலே வீட்டுக்காரர், கீழே நாம். சில பேஸ்மென்ட்கள் மேட்டுச் சரிவில் இருப்பதால் ஒரு பக்கம் முழு ஜன்னலோடு நன்றாகவே இருக்கும். அவற்றை எடுக்கலாம். ஆனால் பலவற்றில் ஜன்னல் கூரையோரம் ஒரு முழ அகலத்துக்குத்தான் இருக்கும். வெளியே அது தரைமட்டம். பனி விழுந்தால் முதலில் மூடுவது அதைத்தான். பகல் பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மாணவர் இருட்டில் போய் இருட்டில் வருகிறவர். அவருக்கு இது தெரியாது. இரண்டு பேர் வாழப்போகும் வீட்டை, தூங்க மட்டும் வருகிறவர் ஒருவரே வீடியோ காலில் பார்த்து முடித்துவிடுவது சரியில்லை.

விளம்பரத்தில் ‘ஹீட் அண்ட் லைட்’ (சூட்டுக்கும் விளக்குக்கும் ஆகும் கட்டணம்) வாடகையோடு சேர்த்தா, தனியா என்று இருக்கும். கண்டிப்பாகப் பாருங்கள். இங்கே பல வீடுகளில் சுவரடியில் பொருத்திய மின்சார ஹீட்டர்தான். கட்டணம் தனி என்றால், பகல் முழுவதும் சூடு தேவைப்படுவது வீட்டில் இருப்பவருக்கு. கணவர் கிளம்பியதும் ஹீட்டரைப் பதினைந்து டிகிரிக்கு இறக்கிவிட்டு, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர் வரும் நேரம் பார்த்து மறுபடி ஏற்றிவைப்பார்கள். ‘நான் சம்பாதிக்கவில்லை, நான் ஏன் செலவு வைக்க வேண்டும்’ என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். கணவர் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. அவருக்கு விஷயமே தெரியாது. ஹீட் அண்ட் லைட் சேர்ந்த வீட்டுக்கு வாடகை கூடுதலாகத் தெரியும். கொடுங்கள். மனக்கணக்குப் போட்டுக்கொண்டே ஒருவர் குளிரில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுப்புக்கு மேலே புகைபோக்கி வெளியே போகிறதா என்பதையும் கேளுங்கள். பல வீடுகளில் அது காற்றை அங்கேயே சுற்றிவிடும். கடுகு வெடித்து மிளகாய் கிள்ளிப் போட்டதும் புகை அலாரம் அலறும். மேலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வருவார். ஒரு மாதம் இப்படி நடந்தால் தாளிப்பதற்கே கை நடுங்கும். முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் ‘நாங்கள் தினமும் சமைப்போம், வாசனை வரும்’ என்று சொல்லிவிடுங்கள். சரி என்பவரின் வீட்டை எடுங்கள். வாசல் பனியை யார் அள்ளுவது என்பதையும் பேசிவிடுங்கள். பகலில் பனி விழுந்தால் மண்வெட்டி யார் கைக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேம்பஸுக்கு ஐந்து நிமிடம் என்பது மாணவருக்கு வசதி. என்னைக் கேட்டால், மெட்ரோபஸ் நிறுத்தத்துக்கும் மளிகைக் கடைக்கும் பக்கத்தில் இருக்கும் வீட்டை எடுத்துக்கொண்டு, மாணவர் பஸ்ஸில் போய்வரட்டும். ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் சென்டர் கட்டடத்தில் ஏ.சி. ஹன்டர் பொது நூலகம் இருக்கிறது. அட்டை இலவசம், சூடான இடம், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். நான் சொன்ன அந்த மதியப் பொழுதுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது. அங்கே நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய வீடாக அமைந்தால் அதை விடாதீர்கள்.

வேலை அனுமதி பற்றி. 2025 ஜனவரி 21 முதல் சட்டம் இறுகிவிட்டது. மாணவர் முனைவர் பட்டமோ, குறைந்தது 16 மாத முதுகலைப் படிப்போ, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகளோ படித்தால்தான் துணைக்கு ஓப்பன் வொர்க் பர்மிட் (யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கும் அனுமதி) கிடைக்கும். இளங்கலை மாணவரின் துணைக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஓராண்டு முதுகலைக்கும் கிடையாது. ஏஜென்ட் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால் நம்பாமல், குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே படித்துப் பாருங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். தகுதி இருந்தால் படிப்பு அனுமதியோடு சேர்த்தே துணையின் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பணத்தைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. அனுமதி இருந்தால் வேலைக்கு வேண்டிய, ஒன்பதில் தொடங்கும் சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) அவர் பெயரில் வரும், சம்பளம் அவர் கணக்கில் விழும், காலையில் கிளம்புவதற்கு ஒரு காரணம் இருக்கும். நான் முதலில் ஒரு மளிகைக் கடையில் பில் போட்டேன். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவளுக்கு இது என்ன வேலை என்று ஊரில் சிலர் கேட்டார்கள். அந்தக் கடையில்தான் இந்த ஊர் ஆங்கிலம் என் காதுக்குப் பிடிபட்டது; ‘மை லவ்’ என்று கூப்பிடும் பாட்டிகளுக்குப் பதில் சொல்லவும் அங்கேதான் பழகினேன். இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பு நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர்களுக்கும் அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும்தான். மாணவரின் துணைக்கு அதில் இடமில்லை. ஆங்கிலம் பேசத் தயங்குபவர் என்றால், ஊரிலேயே நாலு மாதம் பேசிப் பழகிவிட்டு வரட்டும். இங்கே வந்த பிறகு நூலகத்தின் பேச்சுப் பயிற்சி, தன்னார்வ வேலை என்று வழி தேடலாம். உடம்புக்கு முடியாவிட்டால் 811 எண்ணில் நர்ஸிடம் பேசலாம் என்பதை அவருக்கே சொல்லி வையுங்கள். அந்த எண் உங்கள் போனில் மட்டும் இருந்து பயனில்லை.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. படிக்க வருவது நீங்கள், கூட வருவது கணவர் என்றால், அவர் பாடு இன்னும் கஷ்டம். மனைவி வீட்டில் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ‘மாப்பிள்ளை அங்கே என்ன பண்றார்?’ என்ற கேள்வி வாரா வாரம் போனில் வரும். வேலை கிடைக்கும்வரை அவர் போனையே எடுக்காமல் ஒதுங்கிவிடுவார். பெண்கள் ஒருவரோடு ஒருவர் எப்படியோ பேசிக்கொள்கிறோம், சேர்ந்து மாவு அரைக்கிறோம், அழுதும் விடுகிறோம். இந்த ஆண்களுக்கு அது வாய்ப்பதில்லை. இங்கே இருக்கும் மூத்த மாணவர்கள் அவர்களைக் கிரிக்கெட்டுக்கோ மீன்பிடிக்கோ கையோடு கூப்பிட்டுப் போக வேண்டும். ‘ஃப்ரீயா இருந்தா வாங்க’ என்று சொன்னால் வரமாட்டார்கள்.

முதல் சம்பளத்தில் புது லேப்டாப் வாங்குவதற்கு முன், துணைக்கு நல்ல பூட்ஸும் அதன் அடியில் மாட்டும் இரும்புப்பல் கிளீட்ஸும் வாங்குங்கள். தள்ளுபடியில் வாங்கும் அழகு பூட்ஸ் ஈரப்பனியில் ஒரு வாரம் தாங்காது. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் லைசென்ஸ் இருவரும் எடுங்கள். முடிந்தால் முதலில் அவர் எடுக்கட்டும். இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றித் தரமாட்டார்கள், எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வுக்குப் படிக்க வீட்டில் இருப்பவருக்குத்தான் நேரம் இருக்கிறது.

எப்போது வருவது? முடிந்தால் மே அல்லது ஜூன். செப்டம்பர் சேர்க்கை என்றாலும் கொஞ்சம் முன்னதாக வாருங்கள். ஜனவரி சேர்க்கை என்றால் மாணவர் முதலில் வந்து வீடு பார்க்கட்டும், துணை மே மாதம் வரட்டும். நாலு மாதப் பிரிவு கஷ்டம்தான். ஆனால் ஜனவரியில் வந்து இறங்குகிறவர் இந்த ஊரை வெள்ளைச் சுவராகத்தான் பார்ப்பார். மேயில் வந்தால் துறைமுக வாய்க்கு வெளியே பனிப்பாறை மிதந்து போவதைப் பார்க்கலாம். லாங் பாண்ட் குளத்தைச் சுற்றி நடக்கலாம். ஜூன் கடைசி, ஜூலையில் மிடில் கோவ் கடற்கரையில் கேப்லின் மீன் அலையோடு அலையாகக் கரைக்கு ஏறி வரும். ஊரே வாளியும் வலையுமாக நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் கால் தானாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. கையால் அள்ளினேன். விரல் நீளம், வெள்ளி வயிறு, வெள்ளரிக்காய் மாதிரி ஒரு வாசனை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தன் வாளியிலிருந்து பாதியை என் பையில் கொட்டிவிட்டு, எப்படிச் சுத்தம் செய்வது என்று காட்ட ஆரம்பித்தார். நான் வாங்கி, கட்டைவிரலால் தலையைக் கிள்ளிக் குடலோடு இழுத்துக் காட்டினேன். தூத்துக்குடிக்காரிக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்டார். தமிழ் என்றதும், ‘லைஃப்போட்டில் வந்தார்களே, அவர்களா?’ என்றார்.

இந்தக் கேள்வியை இங்கே வயதானவர்கள் உங்களிடமும் கேட்பார்கள், அதனால் விவரம் தெரிந்திருக்கட்டும். 1986 ஆகஸ்டில் இந்தத் தீவின் தென்கரையில், செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கஸ் டால்டன் என்ற மீனவர் அவர்களைக் கண்டுபிடித்தார். மற்ற படகுகளையும் வரவழைத்துக் காப்பாற்றினார்கள். செயின்ட் ஜான்ஸுக்குக் கொண்டுவந்து, மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில்தான் தங்கவைத்தார்கள். பிறகு அவர்கள் டொரன்டோ, மான்ட்ரியல் பக்கம் போய்விட்டார்கள். 2016இல், முப்பது ஆண்டுகள் கழித்து, சிலர் நன்றி சொல்லத் திரும்பி வந்தார்கள். நாம் அவர்கள் பட்டதில் ஒரு துளியும் படவில்லை; விசாவோடு விமானத்தில் வந்தவர்கள். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழர் என்றால் யார் என்று ஒரு ஞாபகம் இருக்கிறது, அது நல்ல ஞாபகம். பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மனிதர்களை உங்கள் துணை சந்திக்க வேண்டுமானால், அவர் வாசலைத் தாண்டி வெளியே வரக்கூடிய வீடாக அது இருக்க வேண்டும்.

இங்கே ஏற்கனவே இருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவரை ஏர்போர்ட்டில் போய் அழைத்து வருகிறீர்கள், மெத்தை தூக்கித் தருகிறீர்கள், பெரிய உதவி. வாட்ஸாப் குழுவில் சேர்க்கும்போது மாணவரின் எண்ணோடு துணையின் எண்ணையும் சேருங்கள். ‘நண்பரின் மனைவி’ என்று அறிமுகப்படுத்தாமல் பெயரைச் சொல்லுங்கள். அவர் என்ன படித்தவர், என்ன வேலை பார்த்தவர் என்றும் ஒரு வரி சேருங்கள். எனக்கு முதல் கணக்கு வேலை வந்தது அப்படி யாரோ ஒருவர் போட்ட ஒரு வரியால்தான்.

வரவிருப்பவர்களே, அடுத்த தடவை வீட்டு விளம்பரத்தை எனக்கு அனுப்பும்போது, கூட வரப்போகிறவரையே பேசச் சொல்லுங்கள். ஊரில் காலை ஆறு, ஏழு மணிக்குக் கூப்பிட்டால் கோடையில் இங்கே ராத்திரி பத்து, பதினொன்று, நான் விழித்திருப்பேன். ஜன்னல் எந்தப் பக்கம், பஸ் நிறுத்தம் எத்தனை அடி, அடுப்படியில் புகை எங்கே போகும் என்று அவரும் நானும் பேசிக்கொள்கிறோம். அதன் பிறகு முன்பணம் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் வந்த ஒரு மாணவரின் மனைவி
செயின்ட் ஜான்ஸ், நியூஃபவுண்ட்லாந்து